டைமோராவின் அடியாராக ஆடுவது எப்படி? டி அண்ட் டி விளையாட்டுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) என்பது மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி ஆடுகிற கதை விளையாட்டு. அதை ஆட வருகிறவர் கிளெரிக் (தெய்வத்தின் அருளால் மந்திரம் போடுகிறவர்) கேரக்டர் எடுக்கிறேன் என்று சொன்னதும் அவர் முன்னால் ஒரு நீளமான தெய்வப் பட்டியல் வந்து விழும். போர்த் தெய்வம், மரணத்தின் காவலர், அறிவின் அதிபதி, நிலவின் தேவி என்று போகிற அந்தப் பட்டியலில் 'அதிர்ஷ்ட தேவி' என்ற வரியைப் பார்த்ததும் பலருடைய கண் அங்கேயே நின்றுவிடும். டைமோரா. ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் உலகத்தில் அவளை 'லேடி லக்' என்றும் கூப்பிடுவார்கள். பகடை உருட்டி ஆடுகிற விளையாட்டில் அதிர்ஷ்டத்தின் தேவியைக் கும்பிடுவது நல்ல யோசனையாகத்தான் தெரியும். நல்ல யோசனைதான்.

ஆனால் டைமோராவின் அடியார் என்று சொல்லிக்கொண்டு மேஜைக்கு வருகிற கேரக்டர்களில் பாதிப் பேர் எதற்கெடுத்தாலும் காசைச் சுண்டிவிடுகிற கோமாளியாக ஆகிவிடுகிறார்கள். மீதிப் பேர் சொந்தக் கூட்டாளியின் பையிலேயே கைவைக்கிற திருடனாக ஆகிவிடுகிறார்கள். இரண்டுமே டைமோரா இல்லை. அவளுடைய அடியார் அதிர்ஷ்டத்துக்காகக் காத்திருக்கிறவர் அல்ல, முதலில் அடியெடுத்து வைக்கிறவர். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக அமையும். எப்படி அமையும் என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: கதையைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஃபர்காட்டன் ரெல்ம்ஸ், கனடாவைச் சேர்ந்த எட் கிரீன்வுட் சிறு வயதிலிருந்தே தன் மனத்தில் கட்டிவந்த உலகம். டிஎஸ்ஆர் நிறுவனம் 1987-ல் அதை டி அண்ட் டி-க்கான உலகமாக வெளியிட்டது. அந்த உலகத்தின் பெரிய கண்டம் ஃபேருன். அங்கே முதலில் இருந்த அதிர்ஷ்ட தேவியின் பெயர் டைக்கி. கிரேக்கர்கள் உண்மையிலேயே கும்பிட்ட ஒரு தேவியின் பெயர்தான் இது.

டைக்கிக்கு என்ன ஆனது என்பதுதான் உங்கள் மதத்தின் அடிப்படைக் கதை. 'விடியல் பேரழிவு' என்று சொல்லப்படுகிற காலத்தில் அவள் ஒரு ரோஜா மொட்டைப் பார்க்கிறாள். எடுத்துத் தலையில் சூடிக்கொள்கிறாள். அது உண்மையில் அழுகலின் கடவுளான மோவாண்டர் விரித்த வலை. அழுகல் அவளுக்குள் இறங்கி உள்ளிருந்தே தின்ன ஆரம்பிக்கிறது. அந்த நிலையில் அவளைப் பார்த்த நிலவுத் தேவி செலூனே மனம் தாங்காமல் தூய ஒளியால் அவளைத் தாக்குகிறாள். டைக்கி இரண்டாகப் பிளக்கிறாள். ஒரு பாதியிலிருந்து டைமோரா வருகிறாள், இன்னொரு பாதியிலிருந்து பெஷாபா வருகிறாள். டைக்கியின் கருணையும் நளினமும் டைமோராவுக்குப் போயின. டைக்கியின் பேரழகு பெஷாபாவுக்குப் போயிற்று. வெளியே வந்த அந்த நிமிடமே இருவரும் சண்டை போட்டுக்கொண்டார்கள். இன்றுவரை அந்தச் சண்டை ஓயவில்லை.

நமக்கு ஸ்ரீதேவி, மூதேவி கதை தெரியும். அதனால் இந்த அக்கா தங்கை விஷயம் சட்டென்று பிடிபட்டுவிடும். ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். நம்முடைய லட்சுமி வீட்டுக்கு வருகிறவள். வாசல் தெளித்துக் கோலம் போட்டு விளக்கேற்றி வைத்தால் உள்ளே வந்து தங்குவாள் என்பது நம்பிக்கை. டைமோரா வீட்டுக்கு வருகிறவள் அல்ல. வீட்டைவிட்டுக் கிளம்புகிறவனோடு வழித்துணையாக நடக்கிறவள். லட்சுமியை மனதில் வைத்துக்கொண்டு டைமோரா அடியாரை ஆடினால் பூசாரி ஒருவர் கிடைப்பார், சாகசக்காரர் கிடைக்க மாட்டார்.

இன்னொரு கதையையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மேஜையில் அடிக்கடி உதவும். ஒரு குழந்தை பிறக்கும்போது டைமோரா ஒரு நாணயத்தைச் சுண்டிவிடுவாளாம். அது எந்தப் பக்கம் விழும் என்று பெஷாபா சொல்வாள். அவள் சொன்னது சரியாக இருந்தால் அந்தக் குழந்தையின் வாழ்க்கையில் துரதிர்ஷ்டம் அவ்வப்போது குறுக்கே வரும். தப்பாகிவிட்டால் டைமோராவின் புன்னகை கடைசிவரை கூட வரும். மிக அபூர்வமாகச் சிலருக்கு அந்தக் காசு விளிம்பில் நிற்கும். அவர்கள் தங்கள் விதியைத் தாங்களே எழுதுவார்கள், தெய்வங்களால்கூட அவர்களைக் கட்டுப்படுத்த முடியாது. உங்கள் கேரக்டர் பிறந்தபோது அந்தக் காசு எப்படி விழுந்தது என்று அவரே என்ன நம்புகிறார்? இந்த ஒரு கேள்விக்குப் பதில் எழுதினால் பின்கதையில் பாதி முடிந்த மாதிரி.

இரண்டாம் படி: ஒரு இலக்கு வைத்துக்கொள்ளுங்கள்

புதியவர்கள் அதிகம் தவறவிடுகிற இடம் இது. எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம்.

டைமோராவின் உபதேசம் மிகவும் தெளிவானது. துணிச்சலாக இரு, துணிச்சலாக இருப்பதுதான் வாழ்வது. பார்த்துப் பார்த்துப் போட்ட திட்டத்தைவிட, துணிந்த மனது பத்தில் ஒன்பது தடவை ஜெயிக்கும். ஒவ்வொருவரும் தமக்கென்று ஒரு இலக்கைத் துரத்த வேண்டும், அந்தத் துரத்தலில்தான் தேவி கைகொடுப்பாள். போகிற திசை தெரியாமல் அலைகிறவர்கள் சீக்கிரமே பெஷாபாவின் கையில் அகப்படுவார்கள்.

கடைசி வரியைத் திரும்ப ஒருமுறை படியுங்கள். துரதிர்ஷ்டம் கெட்டவர்களைத் தேடி வருவதாக அங்கே சொல்லவில்லை. குறிக்கோள் இல்லாதவர்களைப் பிடிக்கும் என்றுதான் சொல்லியிருக்கிறது. ஆகவே 'எனக்கு எதுவும் பெரிதில்லை, காற்றடிக்கிற பக்கம் போவேன்' என்கிற கேரக்டர் டைமோராவின் அடியாராக இருக்க முடியாது. பார்ப்பதற்கு அப்படித்தான் இருக்கும், ஆனால் அவர் தெரியாமலே டைமோராவை விட்டுவிட்டு பெஷாபாவைக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

கேரக்டர் ஷீட்டில் (கேரக்டரின் விவரங்களை எழுதிவைக்கிற தாளில்) ஒரு வரி எழுதுங்கள். 'புகழ் அடைய வேண்டும்' மாதிரி பொதுவாக எழுத வேண்டாம். கையில் பிடிக்கிற மாதிரி இருக்கட்டும். 'அண்ணன் ஏறிப்போன கப்பல் எந்தத் துறைமுகத்தில் நின்றது என்று கண்டுபிடிக்க வேண்டும்.' 'என்னைக் குணப்படுத்திய கோயிலுக்கு நான் பட்ட கடனைத் தங்கமாகத் திருப்பித் தர வேண்டும்.' 'யாரும் உச்சிக்குப் போகாத அந்த மலையில் ஏறிப் பார்க்க வேண்டும்.' இப்படி இருந்தால் டிஎம் (கதையை நடத்துகிறவர்) உங்களுக்காகக் கதையில் இடம் ஒதுக்க முடியும். முதல் செஷனுக்கு முன்பே அவரிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

மூன்றாம் படி: வகுப்பும் இனமும்

வகுப்பு என்பது கேரக்டரின் தொழில். அதில் கிளெரிக் எடுத்தால் விதிப்புத்தகம் டைமோராவுக்குக் கொடுத்திருக்கும் பிரிவு 'டிரிக்கரி', அதாவது தந்திரம். இந்தச் சொல்தான் பலரையும் திருட்டுப் பக்கம் இழுத்துவிடுகிறது. அந்தப் பிரிவில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் வேறு கதை தெரியும்.

2014 விதிகளில் முதல் லெவலிலேயே கிடைக்கும் திறன், நீங்கள் தொட்ட ஒருவருக்கு ஒரு மணி நேரத்துக்குப் பதுங்கிச் செல்வதில் அட்வான்டேஜ் (டி20 என்கிற இருபது முகப் பகடையை இரண்டு தடவை உருட்டி நல்ல எண்ணை எடுப்பது) தருகிறது. ஒரு நிபந்தனை: அதை உங்களுக்கே கொடுத்துக்கொள்ள முடியாது, இன்னொருவருக்குத்தான் கொடுக்க வேண்டும். அதிர்ஷ்டத்தை மற்றவர் கையில் வைத்து அனுப்புவதுதான் உங்கள் முதல் வேலை என்று விதியே சொல்கிறது. 2024 விதிகளில் இதைத் தளர்த்தி உங்களுக்கும் வைத்துக்கொள்ளலாம் என்று மாற்றிவிட்டார்கள். வசதி கூடிவிட்டது, எனக்கு என்னவோ பழையதுதான் பிடிக்கிறது. புதிய விதிகளில் இன்னொரு மாற்றமும் உண்டு. கிளெரிக்கின் பிரிவு முதல் லெவலில் கிடைக்காது, மூன்றாம் லெவலில்தான் கிடைக்கும். உங்கள் மேஜையில் எந்த விதிகளை வைத்து ஆடுகிறார்கள் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

பிரிவின் மந்திரங்களில் ஒன்றை விடவே விடாதீர்கள். 'பாஸ் விதவுட் டிரேஸ்'. பதுங்கும்போது உருட்டுகிற எண்ணோடு முழுப் பார்ட்டிக்கும் (கூட்டாளிகளின் குழுவுக்கும்) 10 கூடும். இரும்புக் கவசம் போட்டு டணங்கு டணங்கென்று நடக்கிற ஃபைட்டரை, அதாவது போர்வீரரைக்கூடக் காவலர்களைத் தாண்டிக் கூட்டிப்போகலாம். கிளெரிக் பட்டியலில் சாதாரணமாக இது கிடையாது, தந்திரப் பிரிவுக்கு மட்டும்தான் வரும்.

எந்த இனம்? ஹாஃப்லிங் (குள்ளமான மனித உருவ இனம்) எடுத்தால் அற்புதமாகப் பொருந்தும். டி20-யில் 1 விழுந்தால் ஹாஃப்லிங் மறுபடி உருட்டலாம். டைமோராவை நேசிக்கிற ஹாஃப்லிங்குகள் அந்த உலகத்தில் நிறையப் பேர். 2017-ல் வந்த துணை விதிப்புத்தகத்தில் ஹாஃப்லிங்குக்கு மட்டும் ஒரு ஃபீட் (கூடுதல் சிறப்புத் திறன்) உண்டு, பெயர் 'பவுண்டிஃபுல் லக்'. அருகில் இருக்கிற கூட்டாளிக்கு 1 விழுந்தால் அவரையும் மறுபடி உருட்டவைக்கலாம். டைமோரா அடியாருக்கென்றே செய்த மாதிரி இருக்கும். டிஎம் அனுமதித்தால் நான்காம் லெவலில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஹாஃப்லிங் வேண்டாமென்றால் 'லக்கி' ஃபீட் இருக்கிறது. 2014 விதியில் நீண்ட ஓய்வுக்கு ஒருமுறை மூன்று லக் பாயின்ட், ஒன்றைச் செலவழித்தால் கூடுதலாக ஒரு டி20 உருட்டலாம். 2024-ல் பாயின்ட்டின் எண்ணிக்கை உங்கள் புரொஃபிஷியன்ஸி போனஸ் (லெவலோடு வளர்கிற தேர்ச்சி எண்) எவ்வளவோ அவ்வளவு, முதல் லெவலில் இரண்டு. 'வேஃபேரர்', 'மெர்ச்சன்ட்' பின்னணிகள் இந்த ஃபீட்டோடு சேர்ந்தே வருகின்றன. ஊர் ஊராக அலைகிறவர் அல்லது வியாபாரி, டைமோராவுக்கு இரண்டுமே பொருத்தம்.

கிளெரிக்தான் எடுக்க வேண்டும் என்று கட்டாயம் ஒன்றுமில்லை. ரோக் (திருடர்), பார்ட் (பாடகர்), வைல்ட் மேஜிக் சோர்சரர் (கட்டுக்கடங்காத மந்திரக்காரர்), ஏன், வெறும் வாள் பிடித்த ஃபைட்டர்கூட அவளைக் கும்பிடலாம். அந்த உலகத்தில் அவளுடைய பக்தர்களில் பெரும் பகுதி சாகசக்காரர்களும் சூதாடிகளும்தான். தனியாகப் பழகிப் பார்க்க விரும்புகிறவர்கள் 2023-ல் வந்த பால்டர்ஸ் கேட் 3 வீடியோ கேமில் கிளெரிக் எடுத்து டைமோராவைத் தேர்ந்தெடுக்கலாம்.

நான்காம் படி: அதிர்ஷ்டத்தைக் கணக்காகப் பாருங்கள்

கொஞ்சம் கணக்கு போடுவோம், பயப்பட வேண்டாம். டைமோராவின் அடியார் கையில் உண்மையில் என்ன இருக்கிறது என்பது இங்கேதான் புரியும்.

ஒரு பழைய கோட்டை. வாசலை மறைத்து இரும்புக் கிராதிக் கதவு இறங்கியிருக்கிறது, தூக்க வேண்டும். டிஎம் 15 கேட்கிறார், அதாவது பகடையில் விழுகிற எண்ணும் கேரக்டரின் திறமை எண்ணும் சேர்ந்து 15-ஐத் தொட வேண்டும். உங்கள் ஃபைட்டருக்கு அத்லெடிக்ஸ் (உடல் பலத் திறமை) +3. டி20-யில் 12 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். வாய்ப்பு 45 சதவீதம். கிட்டத்தட்ட பூவா தலையா மாதிரிதான்.

இப்போது நீங்கள் அவர் தோளில் கைவைத்து 'கைடன்ஸ்' சொல்கிறீர்கள். அந்த மந்திரம் ஒரு டி4-ஐ (நான்கு முகப் பகடையை) உருட்டிச் சேர்க்கும். வாய்ப்பு 57.5 சதவீதம் ஆகிறது. இன்னொரு கூட்டாளி கூடவே வந்து தோள் கொடுக்கிறார், அதனால் அட்வான்டேஜ், இரண்டு டி20 உருட்டி நல்லதை எடுத்துக்கொள்ளலாம். டி4-ம் அட்வான்டேஜும் சேர்ந்தால் வாய்ப்பு ஏறக்குறைய 82 சதவீதம். 45 எங்கே, 82 எங்கே! கதவு மேலே போனதும் மேஜையில் எல்லாரும் ஃபைட்டரைத்தான் பாராட்டுவார்கள். பாராட்டட்டும், தேவியின் வேலை அப்படித்தான் இருக்கும்.

சண்டை என்று வந்தால் உங்கள் கருவி 'பிளெஸ்'. முதல் லெவல் மந்திரம், ஒரே நேரத்தில் மூன்று பேருக்கு. அடுத்த ஒரு நிமிடத்துக்கு அவர்களுடைய தாக்குதல் உருட்டல் ஒவ்வொன்றுக்கும், சேவிங் த்ரோ (ஆபத்திலிருந்து தப்ப உருட்டுவது) ஒவ்வொன்றுக்கும் ஒரு டி4 கூடும். டி4-ன் சராசரி 2.5. டி20-யில் ஒவ்வொரு புள்ளியும் 5 சதவீதம் என்பதால் சராசரியாக 12.5 சதவீத வாய்ப்பு ஏறுகிறது. மூன்று பேருக்கு, சுற்றுக்குச் சுற்று. புதியவர்கள் இரண்டு இடத்தில் குழம்புவார்கள். ஒன்று, கதவு தூக்குவது, பூட்டுத் திறப்பது மாதிரி திறமைச் சோதனைகளுக்கு பிளெஸ் உதவாது, அங்கே கைடன்ஸ்தான். இரண்டு, இரண்டுக்கும் கான்சன்ட்ரேஷன் (தொடர்ந்து மனம் குவித்தல்) வேண்டும், ஆகவே ஒரே நேரத்தில் இரண்டையும் வைத்துக்கொள்ள முடியாது. உங்கள்மேல் அடி விழுந்தால் மந்திரம் கலைந்துபோகலாம். ஆகவே சண்டையின்போது எங்கே நிற்கிறீர்கள் என்பதில் கவனமாக இருங்கள். துணிச்சல் என்பது முன்வரிசையில் போய் அடிவாங்குவது அல்ல.

பலருக்குத் தெரியாத ஒரு விஷயம். விழுந்து கிடக்கிற கூட்டாளி உயிருக்குப் போராடி உருட்டுகிற டெத் சேவிங் த்ரோவும் சேவிங் த்ரோதான். அதற்கும் பிளெஸ் உதவும். சாதாரணமாக 10 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும், வாய்ப்பு 55 சதவீதம். பிளெஸ் இருந்தால் 67.5. அவர் விழுந்த பிறகும் உங்கள் டி4 அவர் கையில் இருக்கிறது. அந்த டி4-ஐ மேஜையின் குறுக்கே நீங்களே நீட்டி, 'தேவி உன்கூட இருக்கா, உருட்டு' என்று சொல்லுங்கள். அந்த நேரத்தில் மேஜையே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

ஐந்தாம் படி: மேஜையில் எப்படிப் பேசுவது, எப்படி நடப்பது

டைமோராவின் சின்னம் வெள்ளி நாணயம். அதில் அவள் முகம், சுற்றிலும் ஷாம்ராக் இலைகள். 2014 விதிப்புத்தகம் சுருக்கமாக 'முகம் மேலே தெரிகிற நாணயம்' என்கிறது. அவளுடைய ஆட்கள் ஒருவரை ஒருவர் சந்தித்தால் கட்டித் தழுவி, தங்கள் வெள்ளி வட்டுகளை ஒன்றோடு ஒன்று தொட்டுக்கொள்வார்கள். இதை விடாமல் பயன்படுத்துங்கள். உங்கள் கேரக்டர் பார்ட்டியில் புதிதாகச் சேரும் ஒருவரிடம் போய்த் தன் நாணயத்தை அவருடைய வாளிலோ கேடயத்திலோ மெல்லத் தட்டட்டும். பெரிய வசனமே வேண்டாம், அவர் யார் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். நிஜமாகவே ஒரு பழைய வெள்ளி நிற நாணயத்தை மேஜையில் வைத்துக்கொண்டால் இன்னும் நன்றாக இருக்கும்.

ஆனால் அந்த நாணயத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். அவசியம் கேட்டுக்கொள்கிறேன். 'இந்தக் கைதியை விடலாமா கொல்லலாமா, பூவா தலையா போட்டுப் பார்ப்போம்' என்பது டைமோரா பக்தி இல்லை. பொறுப்பைத் தேவியின் தலையில் கட்டிவிட்டுத் தப்பிப்பது அது. அவள் நல்லவள், கருணை உள்ளவள், அவளைப் பின்பற்றுகிறவர் தன் வழியைத் தானே தேர்ந்தெடுக்க வேண்டும். காசைச் சுண்ட ஒரே ஒரு நல்ல சந்தர்ப்பம் உண்டு. இரண்டு வழியும் பார்ட்டிக்குச் சம்மதம்தான், ஆனாலும் அரை மணி நேரமாக முடிவுக்கு வராமல் இழுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றால் அப்போது சுண்டுங்கள். 'தேவி வடக்கே போகச் சொல்றா, வாங்க' என்று எழுந்துவிடுங்கள்.

உண்மையில் ஒரு டைமோரா அடியாரின் மிகப் பெரிய உதவி இதுதான். புதிய மேஜைகளில் ஒரு கதவுக்கு முன்னால் முக்கால் மணி நேரம் திட்டம் போடுவார்கள். பொறி இருக்குமோ, உள்ளே என்ன இருக்குமோ, யார் முன்னால் போவது, விளக்கை அணைப்பதா வேண்டாமா என்று போய்க்கொண்டே இருக்கும். அங்கே நீங்கள்தான் கையை நீட்ட வேண்டும். ஒரு சின்ன ஒழுங்கு மட்டும்: மற்றவரைக் கேட்காமல் திறக்காதீர்கள். 'சரி, நான் கதவைத் தள்ளப்போறேன், யாருக்காவது ஆட்சேபனை இருக்கா?' என்று வாய்விட்டுக் கேளுங்கள். ஒரு மூச்சு விடுகிற நேரம் காத்திருங்கள். யாரும் மறுக்கவில்லையென்றால் தள்ளுங்கள். ஆபத்து வந்தால் முதல் ஆபத்து உங்களுக்கு வரட்டும். மற்றவர் கேரக்டரின் உயிரைப் பணயம் வைத்துக் காட்டுகிற துணிச்சலுக்கு மரியாதை கிடையாது, உங்கள் உயிரை வைத்துத் துணியுங்கள்.

கூட்டாளியிடம் திருடுவது பற்றி ஏற்கெனவே சொல்லிவிட்டேன், நீட்டி முழக்க ஒன்றுமில்லை. தந்திரம் காட்ட ஆசையாக இருந்தால், எதற்கும் சிரிக்காத கண்டிப்பான பேர்வழிகளிடம் காட்டுங்கள். டைமோராவே காவல் தெய்வமான ஹெல்மிடமும் நீதித் தெய்வமான டைரிடமும் விளையாட்டு காட்டுகிறவள்தான். உங்கள் பார்ட்டியில் விறைப்பான பாலடின் (சபதம் எடுத்த புனித வீரர்) ஒருவர் இருந்தால், காலையில் அவருடைய தலைக்கவசத்துக்குள் ஒரு பூ இருக்கலாம். பணப்பை அப்படியே இருக்க வேண்டும்.

இன்ஸ்பிரேஷன் (நன்றாக நடித்ததற்கு டிஎம் தருகிற, ஒரு உருட்டலுக்கு உதவும் பரிசு) கிடைத்தால் கையில் பதுக்கி வைக்காதீர்கள். 2014 விதிப்படி நன்றாக நடித்த இன்னொரு ஆட்டக்காரருக்கு அதைத் தூக்கிக் கொடுக்கலாம். நான் பார்த்தவரை ஒரு மேஜையில் இப்படி ஒருவர் செய்ய ஆரம்பித்துவிட்டால் மற்றவர்களும் செய்ய ஆரம்பித்துவிடுவார்கள்.

ஆறாம் படி: பகடை கவிழ்ந்தால்

கவிழும். டி20-யில் 1 விழும் வாய்ப்பு 5 சதவீதம், ஒரு செஷனில் எத்தனை உருட்டல் என்று நினைத்துப் பாருங்கள். அதிர்ஷ்ட தேவியின் அடியாருக்குத் தொடர்ந்து மூன்று மோசமான எண் விழுந்தால் மேஜையே உங்களைத்தான் பார்க்கும். கேரக்டருக்கு அது ஒரு சோதனை, ஆட்டக்காரராக உங்களுக்கும்தான்.

நல்லது நடந்தாலும் கெட்டது நடந்தாலும் தேவியின்மேல் நம்பிக்கையோடு நிமிர்ந்து நடக்க வேண்டும் என்பது அவளுடைய ஆட்களுக்குச் சொல்லப்பட்ட வழி. ஆகவே உங்கள் கேரக்டர் தலையில் கைவைத்து உட்கார மாட்டார். 'பெஷாபா எட்டிப் பார்த்துட்டா, சரி, பார்த்தாச்சில்ல, போகட்டும்' என்று எழுந்து அடுத்த அடி எடுத்து வைப்பார். ஆட்டக்காரர் நீங்களும் பகடையைத் தூக்கி எறியாமல், எல்லார் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி மேஜை நடுவில் உருட்டுங்கள். விழுந்த எண்ணை மறைக்கிறவர் டைமோராவின் ஆளாக இருக்க முடியாது.

பெஷாபாவைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்திருப்பது நல்லது. அவளுடைய சின்னம் கறுப்பு மான்கொம்பு. ஃபேருன் மக்கள் அவளை விரும்பிக் கும்பிடுவதில்லை, ஆனால் பயம் உண்டு. கல்யாணம், பெயர் சூட்டுதல் என்று எந்த விசேஷமாக இருந்தாலும் அங்கே பேசுகிறவர் பெஷாபாவையும் மரியாதையாக அழைத்துவிடுவார். அழைக்காவிட்டால் கோபித்துக்கொண்டு குடும்பத்தின்மேல் கேட்டைக் கொண்டுவருவாள் என்று நம்பிக்கை. கல்யாண வீட்டில் அந்த அழைப்பைக் கேட்கும்போது உங்கள் கேரக்டர் என்ன செய்வார்? முகம் சுளிப்பாரா, நாணயத்தை இறுக்கிப் பிடிப்பாரா, எதிர்த்துப் பேசுவாரா? இதை முன்பே யோசித்து வைத்தால் டிஎம்முக்கு ஒரு காட்சி இலவசமாகக் கிடைக்கும்.

ஏழாம் படி: கோயிலும் திருநாளும்

உங்கள் கேம்பெயின் (பல செஷன்களாகத் தொடர்கிற கதை) ஃபேருனில் கார்மிர் நாட்டுப் பக்கம் போனால் அராபெல் நகரைக் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே இருக்கிற 'லேடிஸ் ஹவுஸ்' அவளுடைய முக்கியமான கோயில். ஃபேருனின் ஆண்டுக் கணக்கான டேல் கணக்கில் 1358-ஆம் ஆண்டு, தெய்வங்களெல்லாம் வானத்திலிருந்து தள்ளப்பட்டு மண்ணில் நடந்த 'இக்கட்டுக் கால'த்தில் டைமோரா இந்தக் கோயிலில்தான் தோன்றினாள். சுற்றிலும் எல்லாம் நாசமானபோது அராபெல் தப்பித்ததற்கு அவள் அங்கே இருந்ததுதான் காரணம் என்று மக்கள் நம்புகிறார்கள். உங்கள் கேரக்டருக்கு ஒரு தலயாத்திரை வேண்டுமென்றால் அது அங்கேதான்.

அவளுடைய கோயில்கள் சாகசக்காரர்களைத் தாங்கிப் பிடிக்கிற இடங்கள். குணப்படுத்துவார்கள், மருந்துக் குப்பி விற்பார்கள், துணிந்து போய்த் தோற்றுத் திரும்பியவனை மறுபடி எழுப்பி அனுப்புவார்கள். அடிபட்ட பார்ட்டி ஒரு நகரத்துக்குள் வந்ததும் 'இங்க டைமோரா கோயில் இருக்கா?' என்று கேட்பது உங்கள் வழக்கமாகட்டும்.

திருநாள் இரண்டு. ஒன்று மிட்சம்மர், ஆண்டின் நடுவில் வருகிற பெரிய கொண்டாட்டம், இரவு முழுக்கக் களியாட்டமும் குறும்பும் துணிச்சல் பந்தயங்களும் நடக்கும். இன்னொன்று மார்பெனோத் மாதம் 22-ஆம் நாள் வருகிற ஸ்டார்ஃபால். டைக்கி அழிந்து டைமோரா பிறந்த நாள் என்று அதை நினைவுகூர்கிறார்கள். கேம்பெயினில் நாள்காட்டி வைத்து ஆடினால் இந்த இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

டிஎம்முக்கு இரண்டு வார்த்தை

டைமோரா அடியார் உங்கள் மேஜைக்கு வந்தால் அவருக்குப் பகடையில் கூடுதல் சலுகை எதுவும் தரத் தேவையில்லை. அவருக்குத் தேவை சந்தர்ப்பங்கள். பாலம் ஆடுகிறது, கீழே ஆறு, எதிர்க்கரையில் யாரோ கூப்பிடுகிறார்கள் என்கிற மாதிரி, போனால் என்ன கிடைக்கும், விழுந்தால் என்ன போகும் என்று இரண்டுமே கண்ணுக்குத் தெரிகிற இடங்களை வைத்துக்கொடுங்கள். விழுந்தால் நேராகச் சாவு என்று வைத்தால் எந்த ஆட்டக்காரரும் துணிய மாட்டார். ஆற்றில் அடித்துக்கொண்டு போய் வேறு கரையில், பையில் பாதியை இழந்து, புதிய இடத்தில் எழுகிறார் என்று வைத்தால் அடுத்த தடவையும் துணிவார்.

அப்புறம், அவர் கேரக்டர் ஷீட்டில் எழுதியிருக்கிற அந்த ஒரு வரி இலக்கை மறந்துவிடாதீர்கள். மூன்று நான்கு செஷனுக்கு ஒரு தடவையாவது அதைப் பற்றிய ஒரு துப்பு கண்ணில் படட்டும். துறைமுகத்தில் பழைய கப்பலின் பெயர் செதுக்கிய ஒரு பலகை, சத்திரத்தில் அந்த அண்ணனைப் பார்த்ததாகச் சொல்கிற ஒரு மாலுமி. அதைத் துரத்துவதா, பார்ட்டியோடு போவதா என்று அவரே முடிவு செய்யட்டும்.